மரத்தில் மாட்டிய பந்து

1

1998 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒலிம்பிக் கிளப்பின் லேக் கோர்ஸ். அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள். ஐந்தாவது ஹோலில் லீ ஜான்ஸன் அடித்த முதல் அடி வலப்பக்கம் விலகி ஒரு சைப்ரஸ் மரத்துக்குள் போனது. போன பந்து வெளியே வரவில்லை. மரம் அதை விழுங்கிவிட்டது.

கோல்ஃபில் இதற்குத் தண்டனை தெளிவானது. குறிப்பிட்ட நேரத்துக்குள் (அப்போது ஐந்து நிமிடம், இப்போது மூன்று) பந்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அது தொலைந்த பந்து. அடித்த இடத்துக்கே திரும்பிப் போய், ஒரு அடியையும் கணக்கில் கூட்டிக்கொண்டு, மறுபடி அடிக்க வேண்டும். ஜான்ஸன் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது காற்று அடித்தது. பந்து மரத்திலிருந்து கீழே விழுந்தது. அவர் திரும்பி வந்து அதை வெளியே தட்டி எடுத்தார். பிறகு கிரீனுக்கு வெளியே இருந்து அடித்த அடி நேராகக் குழிக்குள் போனது. மரத்துக்குள் போன பந்தோடு அந்த ஹோலை நான்கே அடியில் முடித்துவிட்டார். அன்று மாலை பேய்ன் ஸ்டூவர்ட்டை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்துக் கோப்பையையும் வாங்கினார்.

2012. அதே மைதானம், அதே போட்டி, அதே கடைசி நாள், அதே ஐந்தாவது ஹோல். இம்முறை லீ வெஸ்ட்வுட். ஜெயிக்கும் வாய்ப்போடுதான் அன்று ஆட வந்தார். அவர் அடித்த பந்தும் சைப்ரஸ் மரத்துக்குள் போனது. அது விழவில்லை. அந்த ஒரு ஹோலிலேயே இரண்டு அடிகள் போயின. அதனால்தான் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். கோல்ஃபில் மிச்சமும் ஹோல்கள் இருக்கின்றன. ஆனால் அவர் கோப்பைக்கு அருகில் வரவே இல்லை.

இரண்டு பேருமே நேராக அடிக்கவில்லை. தவறு ஒன்றுதான். ஒருவருக்கு மரம் பந்தைத் திருப்பிக் கொடுத்தது, இன்னொருவருக்குக் கொடுக்கவில்லை. அப்படியானால் அந்த மைதானம் சோதித்தது எதை? ஒரே தவறுக்கு இரண்டு தீர்ப்பு எழுதுகிற ஒன்றைச் சோதனை என்று எப்படிச் சொல்வது?

நான் கோல்ஃப் ஆடுகிறவன் இல்லை. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்தக் கேள்வி என் வேலை மேஜை வரை வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

முதலில் மைதானத்தைப் பார்க்கலாம். லேக் கோர்ஸில் ஒரு விசித்திரம் உண்டு. பந்தை விழுங்கும் குளமோ ஓடையோ ஆட்டப் பாதையில் கிடையாது. ஃபேர்வே ஓரங்களில் வழக்கமாக இருக்கும் மணல் குழிகளும் இல்லை. பதினெட்டு ஹோல்களுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, ஆறாவது ஹோலில் என்று பல காலம் பெயர் வாங்கிய இடம் அது. எதிரி என்று இருப்பது மரம்தான். சைப்ரஸ், பைன், நாம் தைலமரம் என்கிற யூக்கலிப்டஸ்.

மரம் எப்படிச் சோதிக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நல்ல அமெச்சூர் ஆட்டக்காரர் ஒருவர் டிரைவரால் 290 கஜம் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபேர்வேயின் அகலம் 28 கஜம் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 14 கஜம். கோணமாக மாற்றினால் 2.8 பாகைகூட இல்லை. கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வது 6 பாகை. அதில் பாதிக்கும் குறைவுதான் இவருக்கு அனுமதிக்கப்பட்ட பிழை. 5 பாகை விலகினால் பந்து நடுக்கோட்டிலிருந்து 25 கஜம் தள்ளிப் போய்விடும். திறந்தவெளி மைதானம் என்றால் அது வெறும் உயரமான புல். அடுத்த அடி கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். இங்கே அது மரத்துக்கு நடுவில்.

இது போதாதென்று நிலத்தின் சாய்வு வேறு. நான்காவது ஹோல் இடப்பக்கம் வளைகிறது, ஆனால் தரை வலப்பக்கம் சாய்கிறது. ஐந்தாவது வலப்பக்கம் வளைகிறது, தரை இடப்பக்கம் சாய்கிறது. சாலைப் பொறியாளர் யாராவது வளைவில் இப்படிச் சாய்வு கொடுத்தால் வேலை போய்விடும். நேராக அடித்த நல்ல பந்துகூட விழுந்தபின் உருண்டு மரத்தடிக்குப் போகும். பந்தைக் காற்றிலேயே வளைத்து, சாய்வுக்கு எதிராக இறக்கினால்தான் நிற்கும். உயரமாக, தூரமாக, நேராக அடித்துப் பழகிய இன்றைய இளைஞர்களுக்கு இது பழைய பாடத்திட்டத்திலிருந்து வரும் கேள்வித்தாள்.

காற்றும் ஏமாற்றும். பசிபிக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. மரங்களுக்கு நடுவில் நிற்பவருக்குக் காற்றே இல்லாதது போலிருக்கும், சட்டைகூட அசையாது. பந்து மர உச்சியைத் தாண்டிய பிறகுதான் காற்று அதைப் பிடிக்கும். உடம்புக்குத் தெரிவது ஒன்று, பந்துக்கு நடப்பது வேறு.

அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப் இந்த மைதானத்துக்கு 1958, 1981, 2007, 2025 என நான்கு முறை வந்திருக்கிறது. 312 பேர் வருவார்கள், பெரும்பாலும் கல்லூரி வயதுப் பையன்கள். முதல் இரண்டு நாள் மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே. அதில் 64 பேர் தேறுவார்கள். பிறகு ஒருவருக்கு ஒருவர் மோதும் மேட்ச் பிளே, தோற்றவர் வீட்டுக்கு. 2025இல் ஜெயித்த மேசன் ஹவலுக்கு வயது 18.

அமெச்சூர் என்ற சொல்லின் வேர் காதல். காசுக்காக அல்லாமல் பிரியத்துக்காகச் செய்கிறவர். இன்றைய விதிப்படி அமெச்சூர் ஒருவர் ஒரு போட்டியில் 1000 டாலருக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது. அதற்காக அவர்களுக்கு இழக்க எதுவுமில்லை என்று அர்த்தமில்லை. ஜெயித்தவருக்கு மாஸ்டர்ஸ் போன்ற போட்டிகளின் கதவு திறக்கும். பதினெட்டு வயதில் அப்படி ஒரு கதவு முன்னால் நிற்பது காசை விடப் பெரிய விஷயம்.

3

இப்போது மரத்தடிக்குள் போவோம். பந்து இரண்டு மரங்களுக்கு நடுவில் கிடக்கிறது. முன்னால் கிளைகளுக்கு இடையே ஒரு சந்து தெரிகிறது. அதற்கு அப்பால் கிரீன். பக்கவாட்டில் பார்த்தால் ஃபேர்வே தாராளமாகத் திறந்து கிடக்கிறது. பக்கவாட்டில் தட்டிவிட்டால் ஒரு அடி வீண், ஆனால் பிழைத்துவிடலாம். சந்து வழியாக அடித்தால் வீரம். சிக்கினால் நாசம்.

மரம் 90 விழுக்காடு காற்றுதான் என்று கோல்ஃப் ஆடுகிறவர்கள் சொல்வார்கள். தைரியம் கொடுக்கும் வாக்கியம். ஆனால் பந்து ஒரு கிளையைத் தாண்டினால் போதாது, கிளைகளின் ஒவ்வொரு அடுக்கையும் தாண்ட வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் தொடாமல் தாண்ட 90 விழுக்காடு வாய்ப்பு, மொத்தம் பத்து அடுக்கு என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். 35 விழுக்காடுதான் வரும். பத்து சர்வர்கள் வரிசையாக நிற்கும் ஒரு அமைப்பில், ஒவ்வொன்றும் பத்தில் ஒன்பது நேரம் வேலை செய்தால், மொத்த அமைப்பு பத்தில் ஆறு நேரத்துக்கு மேல் படுத்துக் கிடக்கும். எங்கள் துறையில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதிர்ச்சி அடையும் கணக்கு இது. கண் சந்தைப் பார்க்கிறது. பெருக்கல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் புத்திசாலி எப்போதும் பக்கவாட்டில்தான் தட்ட வேண்டுமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல். பக்கவாட்டில் தட்டினால் ஐந்தில் முடியும். சந்து வழியாக அடித்து, மூன்றில் ஒரு முறை தப்பித்தால் நான்கு. மற்ற இரண்டு முறை சிக்கி ஆறோ ஏழோ. சராசரி ஐந்தரைக்கு மேல் போகிறது. ஸ்ட்ரோக் பிளேயில் ஒவ்வொரு அடியும் மொத்தத்தில் ஏறுவதால் பக்கவாட்டில் தட்டுவதே சரி.

மேட்ச் பிளேயில் ஒவ்வொரு ஹோலும் தனிப் போர். யார் குறைவோ அவருக்கு அந்த ஹோல். எத்தனை அடியில் தோற்றாலும் ஒரே ஒரு ஹோல்தான் போகும். எதிராளி நான்கில் முடிக்கப் போகிறார் என்பது உறுதியானால், ஐந்தில் முடிக்கிற பத்திரமான அடி நிச்சயத் தோல்வி. ஏழில் தோற்பதும் ஐந்தில் தோற்பதும் ஒன்றே. அப்போது மூன்றில் ஒரு வாய்ப்பைத் தரும் அந்தச் சந்துதான் சரியான வழி.

அதே பந்து, அதே மரம், அதே பையன். செவ்வாய்க்கிழமை முட்டாள்தனமாக இருந்தது புதன்கிழமை விவேகம் ஆகிறது. மாறியது, எதை எண்ணுகிறோம் என்பது மட்டும்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது. வாழ்க்கை ஸ்ட்ரோக் பிளேயா, மேட்ச் பிளேயா? செய்த ஒவ்வொரு பிழையும் கடைசிவரை மொத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்குமா, இல்லை ஒரு ஹோல் முடிந்தால் அது முடிந்ததுதானா? பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை முப்பது வயதிலும் விண்ணப்பத்தில் கேட்கும் ஊரில் வளர்ந்தவர்கள் நாம். ஸ்ட்ரோக் பிளேதான் இயல்பு என்று நம்பவைக்கப்பட்டவர்கள். அதனால் எல்லா மரத்தடியிலும் பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருக்கிறோம். சில சமயம் அது விவேகம். சில சமயம், தோற்கும் என்று தெரிந்தே எடுக்கும் பத்திரம். மரத்துக்குள் நிற்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, 'எனக்குத் தைரியம் இருக்கிறதா' என்பதல்ல. 'இங்கே எதை எண்ணுகிறார்கள்' என்பதுதான்.

4

ஜான்ஸனுக்கும் வெஸ்ட்வுட்டுக்கும் திரும்புவோம். தத்துவத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் இருக்கிறது: அற அதிர்ஷ்டம். பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் ஒரே கருத்தரங்கில் இதைப் பற்றி எழுதினார்கள். நேகலின் உதாரணங்களில் ஒன்று லாரி ஓட்டுநர். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி எடுக்கிறார். ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் அவர் ஒரு சாவுக்குக் காரணமானவர். யாரும் வராவிட்டால் கொஞ்சம் அசட்டையானவர், அவ்வளவுதான். அசட்டை ஒன்றே. குழந்தை வந்ததும் வராததும் அவர் கையில் இல்லை. நம் கையில் இல்லாததற்கு நம்மைக் குற்றம் சொல்லக் கூடாது என்றும் நம்புகிறோம், ஆனால் அந்த இருவரையும் ஒரே மாதிரி நடத்தவும் நம்மால் முடியவில்லை.

நான் பார்த்த ஒரு சம்பவம். ஓர் அணியில் இரண்டு பொறியாளர்கள். இருவரும் ஒரே மாதத்தில், வெவ்வேறு வெள்ளிக்கிழமை மாலைகளில், சோதனைகளை ஓட்டாமல் மாற்றங்களைத் தயாரிப்புச் சூழலில் ஏற்றினார்கள். ஒருவருடையது பணம் செலுத்தும் பகுதியை முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டது. இன்னொருவருடையதில் ஒன்றும் ஆகவில்லை. வருட மதிப்பீட்டில் முதலாமவருக்கு 'கவனம் தேவை' என்று எழுதினார்கள். இரண்டாமவருக்கு 'வேகமாகச் செயல்படுகிறார்'.

கூட்டத்தில் நான் கேட்டேன்: "ரெண்டு பேரும் பண்ணது ஒண்ணுதானே?"

மேலாளர் மோசமானவர் இல்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்: "ஒண்ணுதான். ஆனா கஸ்டமர் போன் பண்ணது ஒருத்தர் விஷயத்துக்குத்தான். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது, 'காத்து அடிக்கலைங்க'ன்னா?"

அவர் பதிலை நான் வெகுநாள் யோசித்தேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. நின்ற சர்வர் உண்மையிலேயே நின்றது. யாரோ ஒருவரின் பணம் நடுவில் மாட்டிக்கொண்டது. அதை யாராவது சுமந்துதான் ஆக வேண்டும். 'வாய்ப்புக் கணக்கில் நானும் அவனும் சமம்' என்று சொல்லிவிட்டு முதலாமவர் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. போகவும் கூடாது.

கோல்ஃப் எனக்கு உதவியது இங்கேதான். அந்த விளையாட்டு இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்திருக்கிறது: எண்ணிக்கை ஒன்று, தீர்ப்பு வேறு. ஸ்கோர் அட்டை எதையும் விசாரிக்காது. மரத்தில் மாட்டியதா, நல்ல அடிக்குக் கெட்ட இடம் கிடைத்ததா, கேட்காது. அதே 1998இல் ஸ்டூவர்ட் பன்னிரண்டாவது ஹோலில் ஃபேர்வேக்கு நடுவே, சரியாக, அடித்தார். முன்னால் ஆடிய யாரோ பெயர்த்த புல்தரையில், மணல் நிரப்பிய பள்ளத்தில் பந்து போய் உட்கார்ந்தது. அங்கே ஒரு அடியை இழந்தார். பந்து கிடக்கும் இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும் என்பது விதி. அட்டை அதை அப்படியே எண்ணியது. ஆனால் அந்த எண்ணை வைத்து யாரும் ஸ்டூவர்ட்டை மோசமான ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. மறு வருடமே அவர் அதே கோப்பையை வாங்கினார்.

விளைவைச் சுமக்க வேண்டியது அது யார் தலையில் விழுந்ததோ அவர். அந்த இரவு விழித்திருந்து சர்வரைச் சரிசெய்வது முதலாமவர் கடமை. அது எண்ணிக்கை. ஆனால் 'இவர் எப்படிப்பட்டவர்' என்று எழுதும்போது பார்க்க வேண்டியது, அந்த நொடியில் அவருக்கு என்ன தெரியும், என்ன செய்தார் என்பதை. அந்தக் காகிதத்தில் இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியம்தான் இருந்திருக்க வேண்டும். அதிர்ஷ்டம் காப்பாற்றியவரைப் பாராட்டுவது அவருக்குச் செய்யும் நல்லதும் அல்ல. அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் அதையேதான் செய்வார்.

விளைவும் ஒரு தகவல்தானே என்று கேட்கலாம். தகவல்தான், ஆனால் ஒரே ஒரு மாதிரியிலிருந்து கிடைத்தது. இதற்கும் கோல்ஃபில் கணக்கு இருக்கிறது. 64 பேரில் ஒருவராக நுழைபவர் கோப்பை வாங்க ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் 70 விழுக்காடு ஜெயிக்கக்கூடிய அபாரமான ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்தாலும், ஆறையும் ஜெயிக்க அவருக்கு இருக்கும் வாய்ப்பு 12 விழுக்காடுதான். ஜெயித்தவர் தகுதியானவர்தான். ஆனால் தோற்ற 63 பேரில் தகுதியில்லாதவர் யார் என்று அந்தக் கோப்பை நமக்குச் சொல்வதில்லை.

ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர்தான் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதினார். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கவில்லை. இரண்டையும் நிற்கவிட்டார். பள்ளியில் இதை முரண்பாடு என்று நினைத்தவர்கள் உண்டு. எனக்கு இப்போது அது முரண்பாடாகத் தெரியவில்லை.

5

அதிர்ஷ்டம் என்று இவ்வளவு நேரம் பேசினேன். ஆனால் அந்த சைப்ரஸ் மரம் அங்கே எப்படி வந்தது?

அந்த இடம் ஒருகாலத்தில் கடலோர மணல் மேடு. மரம் அதிகம் கிடையாது. 1920களில் மைதானம் அமைத்தபோது ஆட்கள் கொண்டுவந்து நட்டவைதான் அந்தக் காட்டுக்கு ஆரம்பம். அதாவது வெஸ்ட்வுட்டின் பந்தை விழுங்கிய 'விதி'யை யாரோ ஒருவர் மண்வெட்டியால் குழி வெட்டி நட்டிருக்கிறார்.

1979இல் இன்னும் வேடிக்கையாக ஒன்று நடந்தது. ஒஹையோ மாநிலத்தின் இன்வர்னஸ் கிளப்பில் அமெரிக்க ஓபன். லான் ஹிங்கிள் என்பவர் எட்டாவது ஹோலில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாகப் பதினேழாவது ஹோலின் ஃபேர்வேக்கு அடித்து, அங்கிருந்து கிரீனுக்குப் போனார். விதியில் அதற்குத் தடை இல்லை. மறுநாள் காலை வந்து பார்த்தால் அந்த இடைவெளியில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் நிற்கிறது! போட்டி நடத்துபவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக நட்டுவிட்டார்கள். எங்கள் மொழியில் இதற்குப் பெயர் ஹாட்ஃபிக்ஸ். பயனர் ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்தால் பாராட்டுவதற்குப் பதிலாக இரவே அடைத்துவிடுவது. ஹிங்கிள் அசரவில்லை, அடுத்த நாளும் அந்த வழியாகவே அடித்தார்.

இதற்கு எதிர்த்திசையில் ஓக்மான்ட். பென்சில்வேனியாவில் 1903இல் தொடங்கிய மைதானம், ஆரம்பத்தில் ஏறக்குறைய திறந்தவெளி. பிற்பாடு அழகுக்காக மரங்களை நட்டார்கள், அவை வளர்ந்து மைதானத்தையே மூடின. 1990களில் மனம் மாறி வெட்ட ஆரம்பித்தார்கள். உறுப்பினர்களின் கோபத்துக்குப் பயந்து விடிவதற்கு முன்பே வெட்டி, சுவடு தெரியாமல் சுத்தம் செய்துவிடுவார்களாம். அப்படி ஆயிரக்கணக்கான மரங்கள் போயின. 2021 அமெச்சூர் சாம்பியன்ஷிப் நடந்தது அந்தத் திறந்தவெளியில்தான். மரம் போனதால் கடினம் போய்விடவில்லை. 2025 அமெரிக்க ஓபன் அங்கே நடந்தபோது மொத்தக் கணக்கில் பாருக்குக் கீழே முடித்தவர் ஒரே ஒருவர், ஜெயித்த ஜே.ஜே. ஸ்பான்.

நாம் அதிர்ஷ்டம் என்று சொல்வதில் பாதி யாரோ நட்டது. நட்டதை வெட்டவும் முடியும். எந்த அதிர்ஷ்டத்தை விட்டுவைப்பது, எதை எடுத்துவிடுவது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். மைதானத்தில் மட்டுமல்ல. நுழைவுத் தேர்வில், வேலை நேர்காணலில், வருட மதிப்பீட்டுப் படிவத்தில்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் எரிச்சலாகலாம்: "பணக்காரங்க விளையாட்டுல மரம் நியாயமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" சரியான எரிச்சல்தான். ஒரு கிளை பந்தைப் பிடித்ததா விட்டதா என்பது சின்ன அதிர்ஷ்டம். அந்த முதல் ஹோலில் யார் வந்து நிற்க முடிந்தது என்பது பெரிய அதிர்ஷ்டம். சின்னதைப் பற்றி நாம் கட்டுரை எழுதுகிறோம், பெரியது வேலிக்கு வெளியே நிற்கிறது.

அமெச்சூர் என்ற அழகான சொல்லே ஒரு வேலிதான். ஃபிரான்சிஸ் விமெட் கேடியாக வேலை பார்த்த பையன். மைதானத்துக்கு எதிர் வீடு. 1913இல், இருபது வயதில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பையைச் சுமக்க, அன்றைய மாபெரும் ஆட்டக்காரர்களான ஹாரி வார்டனையும் டெட் ரேயையும் அமெரிக்க ஓபனில் தோற்கடித்தார். அமெரிக்காவே கொண்டாடியது. 1916இல் அதே விமெட்டின் அமெச்சூர் தகுதியைப் பறித்தார்கள். காரணம், அவர் பிழைப்புக்காக விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் இறங்கியது. 1918இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். பிரியத்துக்காக மட்டும் ஆட வேண்டுமென்றால் சோற்றுக்கு வேறு வழி இருக்க வேண்டும். அது இல்லாதவனின் பிரியம் பிரியமாக எண்ணப்படவில்லை. அந்த மரத்தையும் யாரோ நட்டார்கள். பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவும் செய்தார்கள். 2022இல் வந்த புதிய விதிகள் அமெச்சூர்களுக்கு விளம்பரதாரர் உதவியையும் அனுமதிக்கின்றன.

6

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மரத்தடியில் எனக்குப் பிடித்த ஒன்று மிச்சம் இருக்கிறது.

மரக்காட்டில் ஆடுகிறவர் தனியாக இருக்கிறார். கூட ஆடுபவர்கள் ஃபேர்வேயின் மறுபக்கம் தங்கள் பந்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 312 பேர் ஆடும் முதல் இரண்டு நாட்களில் எல்லோர் பின்னாலும் நடுவர் நிற்க முடியாது, கேமராவும் இருக்காது. பந்தைச் சுற்றி உதிர்ந்த பட்டை, இலை, சுள்ளி. உதிர்ந்ததை எடுத்துப் போடலாம், விதி அனுமதிக்கிறது. மரத்தோடு ஒட்டியிருக்கும் கிளையை வசதிக்காக முறிக்கக் கூடாது. சுள்ளியை எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஒரு அடி தண்டனை. நகர்ந்ததா? ஒரு நூலளவு? அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அமெச்சூராகவே ஆடிய பாபி ஜோன்ஸ், 1925 அமெரிக்க ஓபனில் தன் பந்து புல்லில் லேசாக நகர்ந்ததென்று தானே சொல்லி ஒரு அடியைக் கூட்டிக்கொண்டார். வேறு யாரும் பார்க்கவில்லை. நடுவர்களே வேண்டாம் என்பது போல் பேசியும் அவர் விடவில்லை. அந்த ஒரு அடி இல்லாதிருந்தால் கோப்பை அவருடையது. அது கூடியதால் ஆட்டம் சமனாகி, மறுபடி ஆடித் தோற்றார். அவரைப் பாராட்டியபோது, வங்கியைக் கொள்ளையடிக்காததற்கு ஒருவனைப் பாராட்டுவது போலிருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

அவர் எரிச்சல் எனக்குப் புரிகிறது. நேர்மையைப் பாராட்டினால் அது ஒரு சிறப்புத் திறமை ஆகிவிடுகிறது. அவருக்கு அது கணக்கைச் சரியாக எழுதுவது மட்டுமே. நேர்மையாக இருப்பதற்கும் வளர்ப்பு, சூழல் என்று அதிர்ஷ்டம் வேண்டும் என்று நேகல் சொல்வார். நான் மறுக்கவில்லை. ஆனால் மரத்திலிருந்து பந்து விழுவதற்குக் காற்று அடிக்க வேண்டும். பந்து நகர்ந்தது என்று சொல்வதற்கு அந்த நேரத்தில் அவர் தவிர யாரும், எதுவும் தேவையில்லை.

கோல்ஃப் விதிகளில் இன்னொன்று உண்டு. மரத்தின் வேரில் சிக்கிய பந்தை, இனி இதை இங்கிருந்து அடிக்க முடியாது என்று அறிவிக்கும் உரிமை ஆடுகிறவருக்கு மட்டும்தான். நடுவர் சொல்ல முடியாது, எதிராளி சொல்ல முடியாது, பையைச் சுமக்கும் கேடியும் யோசனைதான் சொல்லலாம். விலை ஒரு அடி. அதைக் கொடுத்துவிட்டால் வேறு இடத்தில் பந்தை இறக்கி மேலே ஆடலாம். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சைப்ரஸ் நிழலில் நின்று, சந்தையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்து, அப்பா சொன்னது, பயிற்சியாளர் சொன்னது எல்லாம் காதில் ஒலிக்க, கடைசியில் கையைத் தூக்கி, 'இதை எடுத்துக்கொள்கிறேன், ஒரு அடி எழுதிக்கோங்க' என்று சொல்கிறான். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். அட்டையில் அது வெறும் ஒன்று. அவன் பந்தைத் துடைத்து, இறக்கி, அடுத்த அடிக்கு நிற்கிறான்.